பெலே வாழ்க்கை வரலாறு: 1283-ன்னு எழுதுறவங்க அந்த 526-க்குக் கணக்கு சொல்லுங்க

குடமுருட்டி (வெள்ளி, இரவு 8:41)

நேத்து "இந்த வாரம் படிச்சது" திரியில ஆழித்தேர் ரெண்டு வரி எழுதிட்டுப் போயிட்டார். "பெலே வாழ்க்கை வரலாறு முடித்தேன். மொத்தம் 1283 கோல். மெஸ்ஸி, ரொனால்டோ ரசிகர்கள் கடையைக் கட்டலாம்." கீழ வரிசையா விருப்பக்குறி. ஒரு ஆள் கூட ஏன், எப்படின்னு கேக்கல. தலையாட்டி பொம்மை தஞ்சாவூர்ல செய்யறாங்கங்கிறதுக்காகப் படிக்கிறவங்களும் அப்படியே தலையாட்டணுமா?

கணக்கு இதுதான். பெலே ஆடின பிரேசில் கிளப் சான்டோஸுக்குப் போட்டி ஆட்டங்கள்ல 643. பிரேசில் தேசிய அணிக்கு 77. நியூயார்க் காஸ்மாஸுக்கு 37. கூட்டினா 757. 1283-ல அதைக் கழிச்சா மிச்சம் 526. இந்த 526-ல 448 சான்டோஸ் ஊர் ஊராப் போய் ஆடின நட்பு ஆட்டங்கள்ல வந்தது. 18 பிரேசில் சட்டை போட்டு கிளப் அணிகளோடயும் தேர்வு அணிகளோடயும் ஆடினதுல வந்தது. பாக்கி 60 காஸ்மாஸ் காட்சி ஆட்டம், ராணுவ அணி, சாவ் பாவ்லோ மாநில அணின்னு உதிரி.

களத்துல தூத்தாத நெல்லை அப்படியே மரக்கால்ல அள்ளிப் போட்டு "இத்தனை கலம் கண்டுச்சு"ன்னு சொன்னா எவன் ஒத்துப்பான்? பதரைத் தூத்திட்டு அளங்க. அப்புறம் கடையைக் கட்டுறது யாருன்னு பேசலாம்.

ஆழித்தேர் (இரவு 8:58)

என் பேரைச் சொல்லியே திரி தொறந்தாச்சா, ரொம்ப சந்தோஷம். சொன்னதைத் திரும்பவும் சொல்றேன். 1283.

பதர்னா என்னன்னு தெரிஞ்சுகிட்டு உவமை சொல்லுங்க. பதர்ல அரிசியே இருக்காது. 1959 ஜூன்ல மாட்ரிட்ல போய் ரியல் மாட்ரிட்கிட்ட 5-3 தோத்துச்சே சான்டோஸ், அதுவும் நட்பு ஆட்டம்தான். எதிர்ல நின்னது ஐரோப்பியக் கோப்பையைத் தொடர்ந்து நாலு வருஷம் தூக்கின அணி. அது பதரா? அந்தக் காலத்துல டிவிக்காரன் கோடி கோடியாக் குடுக்கல. இப்படிக் கூலிக்குப் போய் ஆடித்தான் பெலேவை ஐரோப்பாக்காரன் தூக்கிட்டுப் போகாம கிளப் வச்சிருந்துச்சு. காசு குடுத்தவன் பெலேவைப் பாக்கத்தான் குடுத்தான். எதிரணியும் அவர் காலைக் குறி வச்சுத்தான் இறங்குச்சு.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. சான்டோஸுக்குப் பெலே போட்ட முதல் கோல், 1956 செப்டம்பர் 7, கொரிந்தியன்ஸை 7-1 அடிச்ச ஆட்டம். அது நட்பு ஆட்டம். கோல்கீப்பர் சலுவார். "பெலேயின் முதல் கோலை வாங்கியவன்"னு பின்னாடி அட்டை அடிச்சு வச்சுகிட்ட மனுஷன். அந்தக் கோலை எந்த மரக்கால்ல போடுவீங்க?

குடமுருட்டி (இரவு 9:06)

கொரிந்தியன்ஸாம். எந்த கொரிந்தியன்ஸ்? சாவ் பாவ்லோ நகரத்துப் பெரிய கொரிந்தியன்ஸா? பதினஞ்சு வயசுப் பையனை அவங்களுக்கு எதிரா இறக்கி 7-1 ஜெயிச்சாங்களா? அது சாந்தோ ஆந்த்ரேங்கிற ஊர்ல இருந்த சின்ன கொரிந்தியன்ஸ். புத்தகத்துல அந்த ஊர்ப் பேர் நிச்சயம் இருந்திருக்கும், நீங்க தாண்டிட்டீங்க. இப்படிப் படிச்சிட்டுத்தான் 1283.

526 எங்க?

ஆழித்தேர் (இரவு 9:09)

ஊர்ப் பேரை விட்டேன், சரி. கோல் அதேதானே? சலுவார் கோல் எங்க போடுவீங்கன்னு கேட்டேன்.

கடைமடையான் (இரவு 9:15)

தலைமடைக்காரருக்கு எப்பவும் பழக்கம் இதான். தண்ணி மொத்தத்தையும் மேலயே திருப்பிகிட்டு, கடைமடைக்கு எத்தனை கனஅடி வந்துச்சுன்னு நம்மளையே கணக்கு கேப்பார். அந்த 526 கோலும் கடைமடைல ஆடினது, அதனால கணக்குல வராது. நடத்துங்க.

வெற்றிலைக்கொடி (இரவு 9:24)

இருவருமே ஒரு சொல்லை வரையறுக்காமல் சண்டை போடுகிறீர்கள். "அதிகாரப்பூர்வ ஆட்டம்" என்றால் யார் அதிகாரம்? அந்தக் காலத்துக் கூட்டமைப்பா, இந்தக் காலத்துக் கூட்டமைப்பா? உதாரணம் சொல்கிறேன். பிரேசிலில் 1971-க்கு முன் இன்றைய வடிவில் தேசிய லீக் கிடையாது. 1959 முதல் நடந்த தாசா பிரேசிலையும், அதன் பிறகு வந்த ரொபெர்த்தோ கோமெஸ் பெத்ரோசா கோப்பையையும் தேசிய சாம்பியன் பட்டத்துக்குச் சமம் என்று அந்நாட்டுக் கூட்டமைப்பு 2010-ல்தான் அறிவித்தது. ஆடி முடித்து நாற்பது ஆண்டுக்குப் பிறகு ஆட்டத்தின் தகுதி மாறுகிறது என்றால், தகுதி என்பது என்ன? முதலில் அதை எழுதிவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.

குடமுருட்டி (இரவு 9:26)

அக்கா, வரையறை எல்லாம் அப்புறம். முதல்ல 526.

மன்னை_7 (இரவு 9:31)

அண்ணே 757-ம் தப்பு. 767. 2021-ல ரொனால்டோ பெலேவைத் தாண்டினப்ப அவரே எழுதினார், சாவ் பாவ்லோ மாநில அணிக்குப் போட்ட 9, ராணுவ அணிக்குப் போட்ட 1, இதையும் சேத்துத்தான் 767-ஐத் தாண்டினதா எடுத்துகிட்டேன்னு. தாண்டினவரே பெருந்தன்மையா ஒத்துகிட்டார், உங்களுக்கு என்ன வலிக்குது? ரொனால்டோ கோல் போட்டுட்டுக் கத்துற மாதிரி, சியூஉஉ

குடமுருட்டி (இரவு 9:52)

தம்பி, ரொனால்டோ ஒத்துகிட்டது பெருந்தன்மை. கணக்கு பெருந்தன்மையில நடக்காது. மாநில அணி 9-ஐச் சேத்தா, பிரேசில் கூட்டமைப்பு சொல்ற 95-ஐயும் சேக்கணும். 2023 செப்டம்பர்ல நெய்மர் 78-ஆவது கோல் போட்டு 77-ஐத் தாண்டினப்ப, கூட்டமைப்பு "எங்க கணக்குல பெலே 114 ஆட்டத்துல 95"ன்னு நின்னுச்சு. உலகக் கூட்டமைப்பு (ஃபிஃபா) கணக்குல 92 ஆட்டத்துல 77. ஒரு கதவைத் தொறந்தா எல்லாக் கதவும் தொறக்கும். அதனாலதான் கோடு போட்ட இடத்துல நிக்கணும்.

இன்னொண்ணு. புத்தகத்துல 1283 இருக்குன்னு சொல்றாரே, கின்னஸ் புத்தகத்துல 1363 ஆட்டத்துல 1279. வேற இடத்துல 1281. மூணு புத்தகம், மூணு எண். கடைசி நாலு கோலுக்கே மூணு பேர் மூணு கணக்கு சொன்னா மீதி ஐந்நூத்துச் சொச்சத்துக்கு யார் ஜாமீன்?

கேக்குறவங்களுக்காக, ஆட்டக்காரர் வாழ்க்கை வரலாற்றை எப்படிப் படிக்கணும்னு எழுதுறேன். ஆழித்தேர் படிக்க வேண்டாம், அவருக்கு எல்லாம் தெரியும்.

ஒரு நீள நோட்டு. குறுக்கே ஆறு கட்டம்: நாள், ஊர், எதிரணி, போட்டியின் பேர், அவர் போட்டது, புத்தகம் சொல்ற ஓடும் மொத்தம். போட்டியின் பேர் புத்தகத்துல இல்லன்னா அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்க, ஊகிச்சு நிரப்பாதீங்க. முதல் அத்தியாயத்துலேருந்து ஆரம்பிக்காம பின்னிணைப்புலேருந்து ஆரம்பிங்க. ஆண்டுவாரியா அட்டவணை இருக்கான்னு பாருங்க. இருந்தா முதல்ல அதைக் கூட்டுங்க. பாதிப் புத்தகத்துல அட்டவணைக் கூட்டலும் உள்ளே எழுதின மொத்தமும் ஒத்தே வராது. அட்டவணையே இல்லாத வாழ்க்கை வரலாறு கதைப் புத்தகம். அதையும் படிக்கலாம், ஆனா எண்ணுக்குச் சாட்சியாக் கூட்டிட்டு வராதீங்க.

அடுத்தது பேர்க் குழப்பம். எட்டு கோல் போட்ட ஆட்டம் பத்தி எல்லாப் புத்தகமும் எழுதும். 1964 நவம்பர் 21, சான்டோஸ் 11, பொட்டாஃபோகோ 0. படிக்கிறவன் உடனே "கரிஞ்சா ஆடின பொட்டாஃபோகோவையா 11-0"ன்னு வாயப் பொளப்பான். அது ரியோவோட பொட்டாஃபோகோ இல்ல, ரிபெய்ராவ் பிரேத்தோங்கிற ஊரோட பொட்டாஃபோகோ. மூணாவதா வடகிழக்குல ஜோவாவ் பெசோவாவுலயும் ஒரு பொட்டாஃபோகோ இருக்கு. இந்த மூணும் ஒரே பேரா நோட்டுல விழுந்தா மொத்தமும் கோணலாயிடும். வாஸ்கோவும் அப்படித்தான். ஆயிரமாவது கோல் ரியோவோட வாஸ்கோ ட காமாவுக்கு எதிரா. பெலேங்கிற பட்டப்பேருக்குக் காரணமான கோல்கீப்பர் பிலே நின்னது சாவ் லோரென்சோங்கிற சின்ன ஊர் வாஸ்கோவுல. அப்பா டொண்டின்யோ ஆடின அணி அது.

மூணாவது மொழிபெயர்ப்பு. போர்ச்சுகீசுலேருந்து இங்கிலீஷ், அங்கேருந்து தமிழ். "92 கேப்"னா தேசிய அணிக்கு 92 ஆட்டம் ஆடினார்னு அர்த்தம். தமிழ்ல "92 தொப்பிகளைப் பரிசாகப் பெற்றார்"னு வந்தா, அந்தப் பக்கத்துல இருக்கிற எந்த எண்ணையும் நம்பாதீங்க. ஆட்டம் தெரியாத ஆள் கை பட்டிருக்குன்னு அர்த்தம்.

ஆழித்தேர் (இரவு 10:03)

பாடம் நடத்தினதுக்கு நன்றி வாத்தியாரே. ஆறு கட்டம் போட்ட நோட்டுல முதல் வரி என்ன? 1956 செப்டம்பர் 7. சலுவார். அஞ்சாவது கட்டத்துல ஒண்ணு எழுதுவீங்களா, சைபர் எழுதுவீங்களா?

காரைக்கால்_இடதுகால் (இரவு 10:10)

ரெண்டு பேரும் வலதுகால்காரனுக்காக அடிச்சுக்கறீங்க. மாரடோனா வாழ்க்கை வரலாறு படிங்க, எண்ணே தேவையில்ல. 1986 ஜூன் 22, அஸ்டெக்கா மைதானம், இங்கிலாந்துக்கு எதிரா. 55-ஆவது நிமிஷம் தன் பாதியில பந்தை வாங்கி, பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக், திரும்பவும் புட்சர், கடைசியா ஷில்டன். ஒரே ஒரு கோல். 1283-ம் அதுக்கு ஈடாகுமா? காலால எழுதின கவிதை அது.

கடைமடையான் (இரவு 10:12)

51-ஆவது நிமிஷம் கையால எழுதினதையும் சொல்லுங்க.

காரைக்கால்_இடதுகால் (இரவு 10:14)

துனிசியா நடுவர் அலி பின் நாசர் விசில் ஊதினார். ஸ்கோர்போர்டுல ஏறுச்சு. இன்னிக்கும் அது அதிகாரப்பூர்வ கோல். குடமுருட்டி ஐயா மரக்கால்ல கூட அது முழு நெல்லு. கேட்டுப் பாருங்க.

குடமுருட்டி (இரவு 10:17)

ஆமா, சேரும். விதின்னா விதி. உலகக்கோப்பை காலிறுதி, நடுவர் கோல்னு குடுத்தார், நோட்டுல ஏறும். பெலேவோட 526 ஏறாது.

வெற்றிலைக்கொடி (இரவு 10:25)

அதாவது கையால் போட்டது கோல், ரியல் மாட்ரிட்டுக்கு எதிராகக் காலால் போட்டால் கோல் இல்லை. உங்கள் வரையறை இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே.சா. சிந்தாமணியை 1887-ல் அச்சில் கொண்டுவந்தபோது, கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். தனக்குப் பிடிக்காத பாடத்தைக் கிழித்து எறியவில்லை. வாழ்க்கை வரலாற்றையும் அப்படித்தான் படிக்க வேண்டும். 757, 767, 1279, 1281, 1283 எல்லாம் பாடபேதம். எந்தப் பாடம் யாரிடமிருந்து வந்தது என்று குறித்துவைப்பதுதான் வாசகர் வேலை. உதாரணமாக, 1283 என்பது பெலே தானே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட எண். 643-க்கு எதிராக 1091 என்பது 2020 டிசம்பரில் சான்டோஸ் கிளப் சொன்னது. மெஸ்ஸி பார்சிலோனாவுக்கு 644-ஆவது கோலைப் போட்டு, ஒரே கிளப்புக்கான பெலேயின் 643-ஐ முந்தினார் என்று செய்தி வந்த உடனே. கிளப் எப்போது, எதற்காகச் சொன்னது என்பதும் பாடத்தின் பகுதி.

பிறந்த நாளிலேயே பாடபேதம் உண்டு. பெலே 23 அக்டோபர் 1940 என்கிறார், பிறப்புச் சான்றிதழ் 21 என்கிறது. எடிசன் நினைவாக வைத்த பெயரில் "இ" எழுத்து வேண்டாம், எட்சன்தான் என்றார் அவர். சான்றிதழில் எடிசன் என்றே இருக்கிறது. சொந்தப் பெயரும் நாளுமே இரண்டாக இருக்கும் மனிதருக்குக் கோல் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டுமா?

குடமுருட்டி (இரவு 10:28)

அக்கா அருமையா எழுதறீங்க. ஆனா சுவடியில இடைச்செருகல்னும் ஒண்ணு உண்டு. 526 இடைச்செருகல்.

நாகை_கலங்கரை (இரவு 10:36)

கோல் கணக்கு கிடக்கட்டும். எல்லாரும் சான்டோஸ் சான்டோஸ்னு எழுதறீங்க. பிரேசில்காரன் வாயில அது சாந்துஸ். மேலே குடமுருட்டி ஒரே பதிவுத் தொடர்ல "சாந்தோ ஆந்த்ரே", "சான்டோஸ்" ரெண்டும் எழுதியிருக்கார். ஒண்ணுல "ந்தோ", இன்னொண்ணுல "ன்டோ". ரெண்டும் ஒரே வேர்ச்சொல். கட்டம் போட்டுப் படிக்கிறவர் எழுத்துல ஒரு நேர் இருக்க வேண்டாமா?

காரைக்கால்_இடதுகால் (இரவு 10:41)

சாந்தோஸ்னுதான் எழுதணும். ஐரோப்பிய உச்சரிப்பெல்லாம் எங்க ஊர்ல கேளுங்க, 1739-லேருந்து பழக்கம்.

நாகை_கலங்கரை (இரவு 10:44)

உங்க ஊர்ல இருந்தது பிரெஞ்சுக்காரன். போர்ச்சுகீசியன் இருந்தது நாகப்பட்டினத்துல, 1658-ல டச்சுக்காரன் வந்து புடுங்குற வரைக்கும். நீங்க வீட்டுல தொறக்குற ஜன்னல், பூட்டுற சாவி, துணி வைக்கிற அலமாரி, சாப்பிடுற மேசை, எல்லாமே அவன் சொல்லு. பிரெஞ்சை வச்சு பிரேசில் பேரைப் படிச்சா சான்த்தோன்னு மூக்கால முடிஞ்சிடும்.

காரைக்கால்_இடதுகால் (இரவு 10:47)

நாகப்பட்டினத்துல எத்தனை பேர் கால்பந்து ஆடறீங்கன்னு முதல்ல சொல்லுங்க. ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கறதுதானே.

மட்டுறுத்துநர் (இரவு 10:50)

ஊர்ச் சண்டை வேண்டாம். தலைப்பு: பெலே வாழ்க்கை வரலாறு.

மன்னை_7 (இரவு 10:55)

சரி தலைப்புக்கே வரேன். பெலே 1977-ல கொல்கத்தா வந்து மோகன் பகான் கூட ஆடினப்பப் போட்ட கோலும் 1283-ல இருக்கா?

குடமுருட்டி (இரவு 11:02)

இல்லாத கோலை எப்படிச் சேக்கறது? 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன், காஸ்மாஸ் 2, மோகன் பகான் 2. மோகன் பகானுக்கு ஹபீப், ஷ்யாம் தாப்பா போட்டாங்க. பெலே போடல. மழை பெஞ்சு தரை சகதி, நாத்தங்கால் மாதிரி. அவருக்கு 36 வயசு. ஒரு வாரத்துல கடைசி ஆட்டம் வேற இருந்துச்சு.

ஆழித்தேர் (இரவு 11:08)

வாயைக் குடுத்து மாட்டிகிட்டீங்களா? நட்பு ஆட்டம்னா பதர், யார் வேணா போடலாம்னு சொன்னீங்களே, அப்ப மோகன் பகான்கிட்ட ஏன் போட முடியல? ஏன்னா எதிர்ல நின்னவன் மறிச்சான். நட்பு ஆட்டத்துல கோலே போடாம போனதும் 1363 ஆட்டத்துல ஒண்ணா ஏறியிருக்கு. ஆட்டத்தை எண்ணுவீங்க, கோலை எண்ண மாட்டீங்களா?

கடைசி ஆட்டம்னு நீங்களே எடுத்தீங்க, அதையும் சொல்றேன். 1977 அக்டோபர் 1, காஸ்மாஸுக்கும் சான்டோஸுக்கும். முதல் பாதி காஸ்மாஸ் சட்டை, ரெண்டாம் பாதி சான்டோஸ் சட்டை. முதல் பாதியில ஃப்ரீ கிக்ல கோல், தன்னோட பழைய கிளப்புக்கே எதிரா. அதுவும் நட்பு ஆட்டம். ஆக முதல் கோலும் உங்க கணக்குல இல்ல, கடைசிக் கோலும் இல்ல. தலையும் இல்ல, வாலும் இல்ல. இதுக்குப் பேரு வாழ்க்கை வரலாறா, வரவு செலவா?

ஆயிரமாவது கோல் இன்னும் வேடிக்கை. 1969 நவம்பர் 19, ரியோவோட மரக்கானா மைதானம், வாஸ்கோ கோல்கீப்பர் அந்த்ராடா, பெனால்டி. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இதுக்குத் தனி அத்தியாயம். மூணு நாள் முன்னாடி பாஹியாவுல பெலே அடிச்ச பந்தைக் கோட்டுல நின்னு வெளியே தள்ளின தடுப்பாளனை அவன் ஊர்க்காரங்களே ஏசினாங்க, "ஆயிரத்தை எங்க ஊர்ல விடலையே"ன்னு. 757-தான் சரின்னா இந்த அத்தியாயம் நடக்கவே இல்ல. கிழிச்சிடலாமா?

குடமுருட்டி (இரவு 11:29)

கிழிக்க வேண்டாம். தலைப்பை மாத்துங்க.

அந்த அத்தியாயத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டதுதான் நீங்க செஞ்ச பெரிய தப்பு. மரக்கானா கோல் போட்டி ஆட்டத்துல வந்தது, ரொபெர்த்தோ கோமெஸ் பெத்ரோசா கோப்பை, அதுல எனக்கு வழக்கு இல்ல. ஆனா அது ஆயிரமாவதே இல்லன்னு பின்னாடி பிரேசில் பத்திரிகையே தோண்டி எடுத்துச்சு. 1959-ல ராணுவ சேவையில இருந்தப்ப ராணுவ அணிக்காகப் போட்ட ஒரு கோல் கணக்குல விட்டுப் போச்சாம். அதைச் சேத்தா ஆயிரமாவது நவம்பர் 14, ஜோவாவ் பெசோவாவுல, அந்த ஊர் பொட்டாஃபோகோவுக்கு எதிரா. மூணாவது பொட்டாஃபோகோன்னு சொன்னேனே, அதான். நட்பு ஆட்டம், அதுவும் பெனால்டி. அதுக்கப்புறம் பெலே கோல்கீப்பராப் போய் நின்னார். ஆயிரத்தை மரக்கானாவுக்கு மிச்சம் வைக்கத்தான்னு ஊரே பேசுச்சு.

ஆக, எல்லாத்தையும் சேத்து எண்ணினா உங்க மரக்கானா அத்தியாயம் தப்பு. சேக்காம எண்ணினாலும் தப்பு. எந்தப் பக்கம் போனாலும் அணை. 1283-ன்னு சொல்றவருக்கு அந்த அத்தியாயத்தைக் கொண்டாட உரிமை இல்ல. ஒண்ணு 1283-ஐ வைங்க, இல்ல மரக்கானாவை வைங்க.

எண்ணுறதுல கோளாறு எங்க வருதுன்னும் சொல்லிடறேன், இனிமேலாவது பாத்துப் படிங்க. ஓடும் மொத்தம் எழுதுறவன் ஒரு ஆட்டத்தை விட்டா, அதுக்கப்புறம் வர்ற எல்லா எண்ணும் ஒண்ணு குறையும். நூறாவது, ஐந்நூறாவது, ஆயிரமாவதுன்னு புத்தகம் விழா எடுக்கிற ஒவ்வொரு கோலும் நகர்ந்து போயிடும். மொத்தத்தை மட்டும் திருத்தி, நடுவுல விழா எடுத்த அத்தியாயத்தைத் திருத்தாம விட்டுட்டா, ஒரே புத்தகத்துக்குள்ள ரெண்டு கணக்கு ஓடும். அதைத்தான் நீங்க முழுங்கிட்டு வந்து இங்க ஏப்பம் விடறீங்க.

கடைமடையான் (இரவு 11:33)

ராணுவ அணி கோல் சேராதுன்னு முதல் பதிவுல சொன்னவர், ஆழித்தேரை மடக்கணும்னா ராத்திரி அதே ராணுவ கோலைத் துணைக்குக் கூப்பிடறார். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17-க்கு மேல போனா மூட்டையத் திருப்பி அனுப்புவாங்க. வேண்டப்பட்டவர் மூட்டைன்னா ஈரமானி வேற எண் காட்டும். அந்த ஈரமானி உங்ககிட்டதான் இருக்குபோல.

குடமுருட்டி (இரவு 11:36)

உவமை சொல்லத் தெரியும், பதில் சொல்லத் தெரியாது. போன மாசம் "1966 உலகக்கோப்பையில பெலே களத்துலயே இறங்கல"ன்னு எழுதினவர்தானே நீங்க? பல்கேரியாவுக்கு எதிரா ஃப்ரீ கிக்ல கோல் போட்டார், ஹங்கேரி ஆட்டத்துல இல்ல, போர்ச்சுகல் ஆட்டத்துல உதைச்சே உக்கார வச்சாங்க. அந்தத் திரியில இன்னும் திருத்தம் போடல நீங்க.

கடைமடையான் (இரவு 11:38)

ஹங்கேரி ஆட்டத்துல இறங்கலன்னுதான் எழுதினேன். நீங்க தாண்டிப் படிச்சிருப்பீங்க.

குடமுருட்டி (இரவு 11:39)

திரியை எடுத்துப் போடவா?

கடைமடையான் (இரவு 11:39)

போடுங்க.

வெற்றிலைக்கொடி (இரவு 11:47)

நல்லது. இடையில் ஒரு சின்னக் கேள்வி, இரண்டு தரப்புக்கும். 1958-ல் சாவ் பாவ்லோ மாநில லீகில் பெலே 38 ஆட்டத்தில் 58 கோல். அதே ஆண்டு ஸ்வீடனில் உலகக்கோப்பையில் 6: வேல்ஸுக்கு எதிராக ஒன்று, பிரான்ஸுக்கு எதிராக மூன்று, இறுதியில் இரண்டு. இறுதியன்று வயது 17 ஆண்டு 249 நாள். இவை எல்லாமே தூற்றிய நெல். இதை வைத்துப் பேசினாலே அந்த ஆட்டக்காரர் யாரென்று தெரிந்துவிடும். இந்த 64 கோலைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒருவேளை யாருமே அந்த அத்தியாயத்தைப் படிக்கவில்லையா?

ஆழித்தேர் (இரவு 11:52)

படிச்சேன் அக்கா. ஆனா இவர் மொதல்ல சலுவார் கோலுக்கு பதில் சொல்லட்டும்.

குடமுருட்டி (இரவு 11:53)

பதில் சொல்லியாச்சு. அது பதர்.

ஆழித்தேர் (இரவு 11:55)

பதர் இல்ல, அதிகபட்சம் கருக்காய்னு சொல்லுங்க. உள்ள பாதி அரிசியாவது இருக்கும்.

குடமுருட்டி (இரவு 11:56)

கருக்காயைத் தனியா அளப்பாங்க. நல்ல நெல்லோட சேத்து மூட்டை கட்ட மாட்டாங்க. நீங்களே ஒத்துகிட்ட மாதிரிதான்.

ஆழித்தேர் (இரவு 11:57)

எதை ஒத்துகிட்டேன்? 1283.

மன்னை_7 (இரவு 11:58)

767

காரைக்கால்_இடதுகால் (நள்ளிரவு 12:01)

ராமானுஜன் படிச்ச ஊர் பக்கத்துலயே இருக்கு, பேசாம 1729-ன்னு முடிச்சுக்கங்க. அழகாவாவது இருக்கும்.

நாகை_கலங்கரை (நள்ளிரவு 12:04)

சாந்துஸ். யாராவது ஒருத்தராவது திருத்துங்கய்யா.

மட்டுறுத்துநர் (நள்ளிரவு 12:06)

காலையில் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் பூட்டுகிறேன்.

நாகை_கலங்கரை (நள்ளிரவு 12:07)

பூட்டுங்க. சாவியும் போர்ச்சுகீசுதான்.

மன்னை_7 (நள்ளிரவு 12:15)

ஆழித்தேர் அண்ணே, அந்தப் புத்தகத்தை நூலகத்துல திருப்பிட்டீங்களா? நாளைக்குப் போய் எடுக்கலாம்னு இருக்கேன்.

குடமுருட்டி (நள்ளிரவு 12:16)

எந்தப் பதிப்பு அது? பின்னிணைப்பு அட்டவணை இருக்கிறதா, இல்லாததா?

ஆழித்தேர் (நள்ளிரவு 12:19)

இருக்கிறது. கூட்டியும் பாத்தேன்.

குடமுருட்டி (நள்ளிரவு 12:20)

எவ்வளவு வந்துச்சு?